ரொறன்ரோவில் மலை இல்லை

12 ஜனவரி 1992, ஞாயிறு

உறைபனி. குளியலறைக் குழாயில் தண்ணீர் நூலாக வந்தது. ஸ்ட்ரெதம் ஹை ரோட்டுக்கு நடந்து பால், பாண், கத்தரிக்காய். கத்தரிக்காய் பாதி சூத்தை.

மார்ச் முடிவதற்குள் மிச்ச லீவை எடுத்து முடிக்க வேண்டும். எட்டு வேலை நாட்கள், சனி ஞாயிறோடு கிட்டத்தட்ட இரண்டு கிழமை. எடுக்காவிட்டால் போனதுதான். முடிவு சொல், முடிவு சொல் என்று ஜில் நிற்கிறாள். ஜில் என்னோடு ஆஸ்பத்திரி லாபில் இரத்தம் சோதிப்பவள். மூன்று வருடங்களுக்கு முன் என்னை ஸ்கொட்லாந்துக்கு இழுத்துப்போய், காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீ பழக்கியவளும் அவள்தான். பஸ்ஸில் ஓர் இடம் காலி, அதற்காகப் போனேன். முதல் நாள் முழுக்க விழுந்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் ஒரே ஒரு தடவை விழாமல் கீழே வந்து, யாரும் பிடிக்காமல் நானாக நின்றேன். அன்று பிடித்த பைத்தியம்.

இப்போது இரண்டு வழி.

கன. — மார்ச்சில் ஜில்லும் கூட்டமும் கனடா றொக்கி மலைக்கு. ஒரே போக்கு, லீவு முழுக்க. மா போன்ற பனியாம். நீல வானமாம். நீண்ட பிளேன். விசா.

ஸ்கொ. — நான் தனியே. நாலு தடவை, வெள்ளி போய் திங்கள் வருவது. ரயில். விசா இல்லை. மழை, காற்று, கல்லுப்போல ஐஸ், மலைக்கு மேலே ஏற்றும் லிப்ற் பாதி நாள் மூடல். மலையும் சின்னது.

எழுதிப் பார்த்தால் கனடாதான். குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் மனம் ஒரு நேரம் அங்கே, ஒரு நேரம் இங்கே.

சம்பலுக்கு உறைப்புப் போதாது. நாளைக்குக் கொச்சிக்காய் வாங்க வேண்டும்.

15 ஜனவரி, புதன்

மழை. லாபில் இரத்தம் சுழற்றும் மெஷின் மறுபடி கிறீச்சிடுகிறது. யாரும் பார்ப்பதாக இல்லை.

மத்தியானம் ஜில் சான்ட்விச்சோடு வந்து உட்கார்ந்தாள். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "கனடா தூரமென்று யோசித்தால் பக்கத்திலேயே போகலாமே. பிரான்ஸ், ஒஸ்ரியா. வெள்ளிக்கிழமை போய்ச் சறுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடலாம்."

என் சிலோன் பாஸ்போட்டுக்கு எது பக்கம்? பிரான்சுக்கு ஒவ்வொரு தடவையும் விசா. இருட்டோடு போய் கொன்சுலேட் வாசலில் வரிசை. வேலைக் கடிதம், பாங்க் கடிதம், திரும்பி வருவேன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒஸ்ரியாவும் அதே கதை. வாரக் கடைசிச் சறுக்கலுக்கு ஒரு மாத வரிசை.

ஜில்லுக்கு விளங்கவில்லை. "நீ இங்கே எத்தனை வருடமாக இருக்கிறாய்" என்றாள். ஓம், இருக்கிறேன். பாஸ்போட்டை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அது என் சோம்பல். வரிசை என் சோம்பல் இல்லை.

ஆகவே ஒஸ்ரியா எனக்குத் தூரம். நாள் முழுக்க ரயிலில் குந்திப் போகும் ஸ்கொட்லாந்து பக்கம். எங்கள் பூகோளம் வேறு.

18 ஜனவரி, சனி

வெயில், கை விறைக்கும் குளிர். குட்மேய்ஸில் அண்ணை வீடு. இடியப்பம், சொதி, மாசிச் சம்பல்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கனடா என்று சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஸ்கொட்லாந்து என்றபோது அண்ணை குதித்த குதி மறக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளை தனிய, காலைக் கையை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பாக்கிறது? உனக்கென்ன விசரே?" எனக்கு முப்பத்தொன்பது வயது. இன்னும் பொம்பிளைப் பிள்ளை. கலியாணம் முடிக்காவிட்டால் வயது ஏறாது போல.

இந்த முறை மனுஷன் குதிக்கவில்லை. சிரித்தார்.

"கனடாவோ? நல்லது, நல்லது. ஆறுதலா நிண்டுபோட்டு வா."

"ஸ்கீ பண்ணத்தான் போறன் அண்ணை. ஆக்களைப் பாக்கப் போகேல்லை."

"அதையும் செய்யன், ஆர் வேண்டாமெண்டது? சித்தப்பா வீடு ஸ்காபரோவிலைதானே. விடிய வெளிக்கிட்டுப் போய் மலையிலை சறுக்கிப்போட்டு, பின்னேரம் சாப்பாட்டுக்கு வீட்டை வந்திடலாம்."

"மலை ரொறன்ரோவிலை இல்லை அண்ணை."

"கனடாவிலைதானே இருக்கு?"

அபியிடம் அற்லஸ் கேட்டேன். அபி அண்ணையின் மகள், பதினாறு வயது. உலகப் படத்தில் ரொறன்ரோவில் பெருவிரலை ஊன்றி, சுட்டுவிரலை மலை வரைக்கும் நீட்டிக் காட்டினேன். விரலை அப்படியே தூக்கி லண்டனில் வைத்தேன். மற்ற விரல் துருக்கியில் போய் நின்றது.

அண்ணை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "படத்திலை அப்பிடித்தான் தெரியும். அங்கை றோட்டெல்லாம் நேர் றோட்டு."

எங்கள் ஆட்களுக்குக் கனடா என்றால் ரொறன்ரோ, ரொறன்ரோ என்றால் ஸ்காபரோ, ஸ்காபரோ என்றால் சித்தப்பா வீடு. அதற்கு மேற்கே நாடு கிடையாது.

அண்ணி அதற்குள் போக வேண்டிய வீடுகளைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். "மச்சாள், ஒரு வீட்டிலை சாப்பிட்டிட்டு மற்ற வீட்டை போகாமல் வந்தியள் எண்டால் பிறகு செத்தவீட்டுக்கும் வராயினம்." பிளேன் ரிக்கற் அண்ணை எடுத்துத் தருவாராம். அண்ணையா? எனக்கு அந்த இடத்திலேயே மூக்கு வியர்த்திருக்க வேண்டும். இடியப்பம் கண்ணை மறைத்துவிட்டது.

23 ஜனவரி, வியாழன்

தூறல். பஸ் வரவில்லை, நடந்து வேலைக்கு. சொக்ஸ் நனைந்தது.

கனடாப் பக்கம் சாய்ந்துவிட்டேன். என் ஏற்பாடு: ஜில் கூட்டத்தோடு நேரே மலைக்கு. திரும்பும் வழியில் மூன்று நாள் ரொறன்ரோ, சித்தப்பா வீடு, கோயில், நாலு சாப்பாடு. எல்லாருக்கும் நியாயம். அண்ணையிடம் சொன்னேன். "ஓம் ஓம், நான் பாக்கிறன்" என்றார்.

பார்சல் தொடங்கிவிட்டது. நான் இன்னும் பெயரே கொடுக்கவில்லை, வெம்பிளியில் இருந்து அண்ணியின் தமக்கை ரெலிபோன் பண்ணுகிறா. மகளுக்குக் கறித்தூள் கொண்டுபோக வேண்டுமாம். இன்னொருவருடைய மருமகனுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா. யாரென்றே தெரியாத ஒருவருக்கு முருங்கைக்காய், "நீட்டிலை வையுங்கோ, முறிக்க வேண்டாம்." என் ஸ்கீயை எதற்குள் வைப்பது? முருங்கைக்காயோடு சேர்த்துக் கட்டலாம், நீளம் சரிவரும்.

இரவுச் சாப்பாட்டு நேரம் சித்தப்பா ஸ்காபரோவில் இருந்து.

"பிள்ளை, அந்த மயில்நிறக் காஞ்சிபுரத்தை மறக்காமல் கொண்டு வா. படத்திலை வடிவா இருந்தது."

"ஸ்கீ பண்ண காஞ்சிபுரம் என்னத்துக்கு சித்தப்பா?"

"கோயிலுக்குப் போவமெல்லே."

எந்தப் படம்? யார் அனுப்பினது? ரெலிபோனை வைத்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

26 ஜனவரி, ஞாயிறு

வெயில். காற்றில்லை. கோபம்.

பெக்ரனுக்கு அபியும் கூட வந்தாள். பழைய காஸ் வேலைத்தலத்துக் கழிவு மேடு. அதன்மேல் பிளாஸ்டிக் தும்புப் பாய் விரித்து ஸ்கீ இடமாக்கி இருக்கிறார்கள். விழுந்தால் பாயில் பெருவிரல் மாட்டும். பனி இல்லாத ஊரில் இதுதான் பனி. ஞாயிறு தவறாமல் வருகிறேன்.

மேலே பூட்ஸ் இறுக்கிக்கொண்டிருக்கும்போது அபி சொன்னாள். "மாமி, யூ நோ, அங்கை ஒரு ஆள் இருக்கிறார்."

"எங்கை?"

"ரொறன்ரோவிலை. உங்களைப் பாக்க. சாதகம் எல்லாம் மாட்ச் பண்ணிட்டுதாம். கோயிலிலை அவர் சும்மா வாற மாதிரி வருவாராம். லைக், ஆக்சிடென்ரலி. சொறி மாமி. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ."

இன்னும் கேட்டேன். அவளுக்குப் பொய் வராது, எல்லாம் கொட்டினாள். ரிக்கற் புக் பண்ணியாயிற்று. லண்டன் – ரொறன்ரோ – லண்டன். இரண்டு கிழமையும் அங்கேதான். மலைக்குப் பிளேன் இல்லை. ஸ்காபரோவுக்குக் கிட்ட ஒரு சின்ன மேடு இருக்கிறதாம், பிள்ளையை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ச் சறுக்க விடலாமாம், சித்தப்பா சொன்னாராம். ஒரு நாள். அழுகிற பிள்ளைக்கு ஊஞ்சல் காட்டுவதுபோல.

பெண் பார்க்கட்டும். எத்தனையோ பேர் பார்த்தாயிற்று, நான் தேய்ந்து போகவில்லை. என் மலையை எடுத்து அதற்குள்ளே மாப்பிள்ளையை வைத்துச் சுற்றித் தந்ததுதான் பொறுக்கவில்லை. வருடம் முழுக்க மற்றவர்களுடைய இரத்தத்தைப் பார்த்துச் சேர்த்த லீவு. எனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு மூடும்வரை இறங்கினேன். கோபத்தோடு இறங்கினால் திருப்பம் நன்றாக வருகிறது. இனி இதைக் குறித்துவைக்க வேண்டும்.

28 ஜனவரி, செவ்வாய்

நாள் முழுக்க மழை. பின்னேரம் கதவு தட்டும் சத்தம். அண்ணை. பெற்றோல் ஸ்ரேசன் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார், அந்த மணத்தோடு. ஞாயிறே நான் ரெலிபோனில் கத்திவிட்டேன். அதன் பலன். ஸ்ட்ரெதத்துக்கு அவர் வருவதே அருமை.

கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தார்.

"உனக்கு நல்லதைத்தானே பாத்தனான்."

"என்ரை லீவிலை ஏன் பாத்தனீங்கள்?"

"வேறை எப்ப நீ ஓரிடத்திலை நிக்கிறாய்? ஞாயிற்றுக்கிழமையிலை அந்தக் குப்பை மேட்டிலை நிக்கிறாய். றோட்டாலை போற ஆக்கள் கண்டுபோட்டுக் கேக்கினம், உங்கட தங்கச்சி காலிலை பலகையைக் கட்டிக்கொண்டு நிக்கிறா, என்ன சங்கதி எண்டு. எனக்கு மறுமொழி இல்லை."

"நிக்கிறா எண்டு சொல்லுங்கோவன். உண்மைதானே."

"விளையாட்டில்லை பவா. கடைசியிலை உன்னை ஆர் பாக்கிறது?"

"இப்ப ஆர் பாக்கினம்? பல்ப் மாத்திறதும் நான், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறதும் நான். குறையொண்டும் இல்லை."

"அது ஒரு வாழ்க்கையே?"

"ஓம் அண்ணை. வாழ்க்கைதான். நீங்கள் மாப்பிள்ளை பாக்கிறது உங்கட விருப்பம். வேண்டாம் எண்டுறது என்ரை விருப்பம். என்னை ஏமாத்திப் பிளேனிலை ஏத்துறது ஆற்றை விருப்பம்?"

கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த ஸ்கீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது அதன் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "வெட்டும் போலை கிடக்கு."

"ஓம், வெட்டும்."

தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார். ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கிறாராம். இனி ஒன்றும் கேட்க மாட்டாராம்.

அழுதேன். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுப் படிப்பித்தவர் அவர்தான். கெட்ட மனுஷனாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு நித்திரை கொண்டிருப்பேன். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை.

ஆனால் நான் சொன்னதில் ஒரு சொல்லையும் திருப்பி எடுக்க மாட்டேன்.

30 ஜனவரி, வியாழன்

மழை விட்டது. வேலையால் வந்து பருப்பு அடுப்பில் வைத்தேன், ரெலிபோன். மெதுவான ஆண் குரல்.

"பவானியோ? நான் ஸ்காபரோவிலை இருந்து குணரத்தினம். என்ரை பேர் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ஞாயிற்றுக்கிழமைதான் தெரிஞ்சது."

"அப்ப உங்களுக்கும் சொல்லேல்லையோ?" என்றார்.

அவருக்குச் சொன்ன கதை: பெண்ணுக்குக் கனடாவில் வந்து இருக்க விருப்பம், பனி என்றால் உயிர். இரண்டாவது மட்டும் உண்மை.

"பனியோ? வாசல் பனியைச் சவளாலை அள்ளி அள்ளி எனக்கு இடுப்பே போட்டுது. இதைத் தேடிப் போற ஆக்களும் இருக்கினமோ?"

"இருக்கினம். அதிலை ஒராள்தான் இப்ப கதைச்சுக்கொண்டிருக்கு."

சிரித்தார். நல்ல சிரிப்பு. என் சொந்தக் கொப்பியில் பொய் எழுதக்கூடாது: நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். மனைவி தவறிப்போய் நாலு வருடமாம். கணக்காளர் வேலை.

"நேரடியாக் கேக்கிறன், குறை நினையாதேங்கோ. உங்களுக்கு வர விருப்பமோ?"

"மலைக்கு விருப்பம். ரொறன்ரோவுக்கு இல்லை."

"விளங்குது. அப்ப ஒண்டு செய்வம். திருப்பிப் பாத்ததிலை சாதகத்திலை ஏதோ தோசம் எண்டு நான் சொல்லுறன். உங்களுக்கும் பேர் கெடாது, உங்கட அண்ணைக்கும் மனவருத்தம் இல்லை."

வசதியான வாசல். எங்கள் ஆட்கள் எல்லாரும் அதன் வழியாகத்தான் வெளியே போவது. எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. எல்லாம் செவ்வாயும் சனியும் சொல்லும். எனக்கும் முன்பு இரண்டு தடவை சனி சொல்லியிருக்கிறது, பெடியனுக்கு என்னைப் பிடிக்காததை. அன்றைக்கு எனக்கு அது மரியாதையாகவே தெரிந்தது.

"வேண்டாம்" என்றேன். "கிரகத்தின்ரை தலையிலை போட வேண்டாம். பெட்டை மாட்டன் எண்டிட்டாள் எண்டு சொல்லுங்கோ."

"கதைப்பினமே."

"கதைக்கட்டும். நான் சொன்னதுதானே."

"சரி," என்றார். பிறகு, "கவனமாச் சறுக்குங்கோ" என்று வைத்தார்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது.

31 ஜனவரி, வெள்ளி

மூடுபனி. லீவுத் தாளைக் கொடுத்தாயிற்று. ஸ்கொ. நாலு தடவை. பெப்ரவரியில் இரண்டு, மார்ச்சில் இரண்டு. வெள்ளியும் திங்களும்.

ஜில்லுக்கு ஏமாற்றம். "இப்போது உன்னைத் தடுக்க யாருமில்லையே, எங்களோடு வா, அது எவ்வளவு பெரிய மலை தெரியுமா?" என்றாள். தெரியும். படம் பார்த்து எச்சில் விழுங்கியவள் நான்.

ஏன் இல்லை என்று அவளுக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒன்றாகக் கட்டி வைத்த பெரிய லீவு, யாரும் ஒரே தூக்கில் தூக்கிக்கொண்டு போகலாம். இந்த முறை கண்டுவிட்டேன். நாலாக இருந்தால் ஒன்றைப் பிடுங்கினாலும் மூன்று மிச்சம். அதோடு கனடாவுக்குப் போய் வந்தால் ஒரு தடவை போய் வந்ததாக இருக்கும். எல்லாரும் ஒரு மாதம் கதைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஸ்கொட்லாந்துக்கு நாலு தடவை ஸ்கீயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரெதம் ஹை ரோட்டால் நடந்து போவேன். நாலு தடவையும் பார்க்கட்டும். பழகட்டும்.

மலை சின்னதுதான். இருக்கட்டும்.

8 பெப்ரவரி, சனி. அவிமோர், ஸ்கொட்லாந்து

காற்று. காற்று என்றால் காற்று. மேல் லிப்ற் மூடல். கீழ் லிப்ற் மூடல். மலையையே காணவில்லை. மழை கிடையாக வருகிறது. நேற்று முழு நாளும் ரயில், இன்று முழு நாளும் கன்ரீன். சூப் மூன்று. பக்கத்து மேசையில் கிளாஸ்கோ ஆள் ஒருவர், "நாளைக்குத் திறப்பார்கள்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி, "இதையே கலியாணம் முடித்த நாள் தொட்டுச் சொல்லுகிறார்" என்று என்னிடம் சொன்னா.

சறுக்கல்: இல்லை.

11 பெப்ரவரி, செவ்வாய்

ஞாயிறும் திறக்கவில்லை. ஒரு தடவைகூடப் பூட்ஸ் போடாமல் நேற்றுத் திரும்பி வந்தேன். ஜில் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அண்ணி ரெலிபோன், உச்சுக்கொட்டிக்கொண்டு. "இதுக்கோ மச்சாள் கனடாவை வேண்டாமெண்டனீங்கள்? பாவம்."

பின்னால் அண்ணையின் இருமல் கேட்டது. ரெலிபோனுக்கு வரவில்லை.

"ஓம், இதுக்குத்தான்" என்றேன். "இன்னும் மூண்டு இருக்கு."

வைத்துவிட்டு நனைந்த கையுறையை ஹீற்றரில் காயப் போட்டேன். கொஞ்சம் வயிறெரிந்தது. வெளியே சொல்லவில்லை.

22 பெப்ரவரி, சனி. அவிமோர்

நீலம். எல்லாம் நீலம். இரவு முழுக்கப் பனி கொட்டி விடிய நின்றுவிட்டது. காற்றில்லை, ஒரு இலைகூட அசையவில்லை. மேல் லிப்ற் திறந்தார்கள்.

சிவப்புத் தடம். கடினமான தடத்துக்குச் சிவப்புக் கம்பு நட்டிருப்பார்கள். இதுவரைக்கும் ஜில் முன்னால் போய்க் கைகாட்டித்தான் போயிருக்கிறேன். இன்று முன்னால் யாரும் இல்லை. மேலே நின்று பார்த்தேன். திரும்பி லிப்ற்றில் இறங்கிப் போகலாமோ என்றும் யோசித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது?

இறங்கினேன். முதல் திருப்பம் பிழை. இரண்டாவது விழுந்து தொப்பிக்குள் பனி. மூன்றாவதில் இருந்து கால் தானாகக் கேட்டது. நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்தால் போனவர் திரும்பிப் பார்த்தார். கீழே வந்து நின்றபோது கண்ணால் தண்ணீர். குளிர் என்று சொல்லலாம். குளிர் இல்லை.

அங்கே மேலே நான் யாருடைய தங்கச்சியும் இல்லை, யாரும் பார்க்க வரும் பெட்டையும் இல்லை. எத்தனை நாள் இதற்காக ஏங்கியிருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது.

மறுபடி ஏறினேன். மறுபடி. லிப்ற்காரன் என்னைப் பார்த்து, "நீ இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா" என்றான்.

தொடையில் பெரிய நீலம். முழங்கால் வீங்கியிருக்கிறது. பரவாயில்லை.

4 மார்ச், புதன்

தூறல். முழங்கால் இறங்கிவிட்டது. லாபில் புது மெஷின், பழையதைவிடச் சத்தம்.

அண்ணி ரெலிபோன். சனிக்கிழமை குட்மேய்ஸுக்கு ஜெர்மனியில் இருந்து ஒரு குடும்பம் வருகிறதாம். தாய், மகன். "சும்மா, லண்டன் பாக்க வருகினம். நீங்களும் ஒருக்கால் வந்தியள் எண்டால் நல்லம்."

"பெடியனுக்கு எத்தனை வயது?"

"நாப்பத்தொண்டு" என்றாள் உடனே. பிறகு தானே சிரித்துவிட்டாள். "ஏலாது எண்டு சொல்லாதேங்கோ மச்சாள். இவர் பேசாமல் திரியிறார். எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு."

"சனிக்கிழமை நான் மலையிலை."

"ஒரு சனிதானே. இன்னும் ஒண்டு மிச்சம் கிடக்கெல்லே."

பார்த்தேனா? ஒன்றைப் பிடுங்க வந்துவிட்டார்கள். நாலாகப் பிரித்தது எவ்வளவு சரி. ஆனால் ஒன்றையும் கொடுப்பதாக இல்லை.

"இல்லை அண்ணி. போறன்."

6 மார்ச், வெள்ளி. ரயிலில் எழுதுவது, எழுத்து ஆடும்

யூஸ்ரன் ஸ்ரேசனில் அண்ணை நின்றார்.

காலை, அறிவிப்புப் பலகையில் என் ரயிலின் பிளாட்போம் நம்பர் போடும்வரை காத்து நிற்கிறேன், பக்கத்தில் வந்து ஸ்கீப் பையின் பிடியைப் பிடித்தார். ஷிப்ட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சவரம் செய்யவில்லை.

"இண்டைக்குப் போகாதை பவா. நாளைக்கு அந்த ஆக்கள் வருகினம். வரச்சொல்லிப்போட்டன்."

"என்னைக் கேக்காமல் ஏன் சொன்னனீங்கள்?"

"கேட்டால் மாட்டன் எண்டுவாய்."

"தெரிஞ்சுகொண்டுதானே அப்ப சொன்னனீங்கள்."

"சனம் என்னைத்தான் பழிக்குது. தங்கச்சியின்ரை சம்பளத்திலை இருந்து தின்னுறான், அதுதான் கட்டிக் குடுக்கேல்லை எண்டு எனக்குப் பின்னாலை கதைக்கினம். உனக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அது எனக்குச் சுட்டது. ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் ஒரு சதம் என்னிடம் வாங்காத மனுஷன். ஒரு நிமிஷம் பையைக் கொடுத்துவிட்டு அவரோடு போய்விடலாம் போல இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"அந்தச் சனத்துக்கு வாய் மூட நான் ஆளைக் கட்ட ஏலாது அண்ணை. கட்டினால் பிறகு ஏன் பிள்ளை இல்லை எண்டு கேப்பினம். பையை விடுங்கோ."

விடவில்லை. பலகையில் பிளாட்போம் நம்பர் விழுந்தது, சனம் எல்லாம் ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் பையின் இரண்டு பக்கம்.

"அவைக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? காய்ச்சல் எண்டு சொல்லவோ?"

"எனக்குக் காய்ச்சல் இல்லை. ஸ்கீ பண்ணப் போட்டாள் எண்டு சொல்லுங்கோ."

"எப்பிடியடி அதை வாயாலை சொல்லுறது?"

"எனக்குத் தெரியாது. ரயில் போகப் போகுது."

விட்டார். நான் ஓடினேன். ஏறி இருந்து பார்த்தேன், பிளாட்போம் வாசலில் நிற்கிறார், கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு. கை காட்டவில்லை. நானும் காட்டவில்லை.

வொற்ஃபோர்ட்டில் ரயில் நின்றது. இறங்கித் திரும்பவில்லை.

7 மார்ச், சனி. அவிமோர்

மப்பு, இடைக்கிடை வெயில். பனி கொஞ்சம் கல்லு. சிவப்புத் தடம் காலையில் விழாமல். பின்னேரம் இரண்டு தடவை விழுந்து. மனம் இங்கே பாதி, குட்மேய்ஸில் பாதி.

தங்குமிடத்தில் மாடிப்படிக்குக் கீழே நாணய ரெலிபோன். எடுக்கிறதா விடுகிறதா என்று உடுப்பு மாற்றி, சாப்பிட்டு, மறுபடி வந்து நின்றேன். எடுத்தேன். அண்ணைதான்.

"வந்தவையோ?" என்றேன்.

"வந்து போட்டினம்."

"என்ன சொன்னீங்கள்?"

ரிவியின் சத்தம் கேட்டது. அபி ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"காய்ச்சல் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான்" என்றார். "அந்த மனுசி, தங்கச்சி எங்கை எண்டு கேட்டா. ஸ்கொட்லாந்திலை மலையிலை சறுக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டன்."

"அவை என்ன சொன்னவை?"

"பெடியன்ரை தாய், விழமாட்டாவோ எண்டு கேட்டா. விழுவாள், எழும்புவாள் எண்டன்." இருமினார். "பிறகென்ன. றோல்ஸைச் சாப்பிட்டுத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு போட்டினம். இனி வராயினம்."

"கவலையோ அண்ணை?"

"கவலைதான். ஏன் இல்லாமல்?" பிறகு, "பவா, இண்டைக்கு மேலை ஏறினியோ?"

"ஓம்."

"எவ்வளவு உயரம்?"

இந்த மூன்று வருடத்தில் முதல் தடவை கேட்கிறார். சொல்ல வாய் எடுத்தேன், நாணயம் முடிந்து லைன் அறுந்துவிட்டது. வீட்டுக்காரி சில்லறை எடுக்க உள்ளே போயிருக்கிறா. படியில் இருந்து எழுதுகிறேன். சில்லறையோடு வந்துவிட்டா.